பத்துப் பேர் போனார்கள். இரண்டு பேர் மிஞ்சினார்கள்!

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுச் சங்கம் உடைந்த கதை. மீண்டும் கூடிய கதை

பன்னிரண்டு பேர் கூடி வாழ்ந்த பெரிய குடும்பம் அது.

ஒரு நாள் இரண்டு பேர் மூட்டை முடிச்சோடு கிளம்பினார்கள். அவர்களைப் பார்த்து இன்னொருவர் போனார். பிறகு ஒரே நாளில் ஐந்து பேர் போனார்கள். கடைசியில் மேலும் இரண்டு பேர். திரும்பிப் பார்த்தால் வீட்டில் மிஞ்சியது இரண்டே பேர்!

இது மனிதர்களின் கதை அல்ல. அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள பல்கலைக்கழகங்களின் கதை.

சங்கம் என்றால் என்ன?

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு என்பது சின்னக் காரியம் அல்ல. முக்கியமாகக் கால்பந்து. நாம் காலால் உதைத்து ஆடுகிறோமே, அந்தப் பந்து அல்ல. முட்டை வடிவப் பந்து. அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். தூர எறிவார்கள். எதிரியை மடக்கிக் கீழே தள்ளுவார்கள். லட்சம் பேர் உட்கார்ந்து பார்க்கக்கூடிய மைதானங்களும் அங்கே உண்டு.

பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்துக்கொள்ளும். யார் யாரோடு ஆடுவது, எந்த நாளில் ஆடுவது, வெற்றிக் கோப்பை யாருக்கு, வரும் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்பதை எல்லாம் சங்கமே தீர்மானிக்கும். கால்பந்து மட்டும் அல்ல. கூடைப்பந்து, கைப்பந்து, ஓட்டம், நீச்சல் எல்லாம் இதில் அடக்கம்.

நான்கு பேர் போட்ட வித்து

1915-ம் ஆண்டு போர்ட்லண்டு நகரில் நான்கு கல்விக்கூடங்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தன. கலிபோர்னியா, வாஷிங்டன், ஆரிகன், ஆரிகன் விவசாயக் கல்லூரி ஆகியவை அவை. இந்த விவசாயக் கல்லூரிதான் இன்றைய ஆரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகம். 1917-ல் வாஷிங்டன் ஸ்டேட் வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டு ஸ்டான்போர்டு வந்தது. (இங்கே வாஷிங்டன் என்பது தலைநகரம் அல்ல, மேற்குக் கரையில் அதே பெயரில் உள்ள மாநிலம்.)

எல்லாரும் அண்டை அயலார். ஒரே கரைக்காரர்கள்.

1959-ல் அந்தச் சங்கம் கலைந்தது. கலிபோர்னியா மாநிலத்தின் நான்கும், சியாட்டில் நகரத்து வாஷிங்டனும் புதுச் சங்கம் கண்டன. வாஷிங்டன் ஸ்டேட்டும் ஆரிகன் ஸ்டேட்டும் வெளியே நின்றன. 1962-ல் முதலாவதும், 1964-ல் இரண்டாவதும் உள்ளே அழைக்கப்பட்டன. ஐடஹோ என்ற பழைய உறுப்பினரை மட்டும் யாரும் திரும்ப அழைக்கவே இல்லை.

பிறகு குடும்பம் பெருகியது. 1978-ல் அரிசோனாவும் அரிசோனா ஸ்டேட்டும் வந்து பத்து ஆயிற்று. 2011-ல் கொலராடோவும் யூடாவும் வந்து பன்னிரண்டு ஆயிற்று. "பசிபிக் 12" என்று பெயர் நிலைத்தது.

டெலிவிஷன் செய்த வேலை

இத்தனை பெரிய குடும்பம் ஏன் உடைந்தது? பணம்தான் காரணம்!

முன்பெல்லாம் எந்த ஆட்டத்தை டெலிவிஷனில் காட்டலாம் என்பதைத் தேசியக் கல்லூரி விளையாட்டுக் கழகமே முடிவு செய்துவந்தது. "அது கூடாது" என்று 1984-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. அன்று முதல் பல்கலைக்கழகங்களும் சங்கங்களும் தங்கள் ஆட்டத்தைத் தாங்களே விலைபேசி விற்கலாயின. எந்தச் சங்கத்தின் ஆட்டத்தை அதிகம் பேர் பார்க்கிறார்களோ, அதற்கு அதிகப் பணம்!

நாட்டின் நடுப்பகுதியில் "பெரிய பத்து" என்று ஒரு சங்கம் உண்டு. 1896-ல் பிறந்தது. பெயர்தான் பத்து, இன்று அதில் பதினெட்டுப் பேர்! 2022-ல் டெலிவிஷன் கம்பெனிகளோடு அது ஏழு ஆண்டு ஒப்பந்தம் செய்தது. தொகை எவ்வளவு தெரியுமா? 700 கோடி டாலருக்கு மேல்!

இந்தப் பணம் கண்ணில் பட்டால் மனம் சும்மா இருக்குமா?

அடைத்த கதவு

நடந்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். 2021-ல் "பிக் 12" என்ற வேறொரு சங்கம் ஆட்டம் கண்டது. அதன் இரு பெரும் தூண்களான டெக்சாசும் ஓக்லஹோமாவும் விலகப் போவதாக அறிவித்தன. அப்போது பசிபிக் சங்கம் மிச்சம் இருந்தவர்களில் சிலரைச் சேர்த்துக்கொண்டு பெருத்திருக்கலாம். "புதியவர்களைச் சேர்க்கப் போவதில்லை" என்று அந்த ஆகஸ்டிலேயே கதவை அடைத்தது.

இரண்டே ஆண்டில் நிலைமை தலைகீழாக மாறியது.

2022 ஜூன் 30-ந்தேதி தென் கலிபோர்னியாவும், லாஸ் ஏஞ்சல்சில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும் "பெரிய பத்தில் சேருகிறோம்" என்றன. 2023 ஜூலையில் கொலராடோ "பிக் 12" சங்கத்துக்குத் தாவியது. ஆகஸ்டு 4-ந்தேதி ஒரே நாளில் ஐந்து பேர் போனார்கள். ஆரிகனும் வாஷிங்டனும் பெரிய பத்துக்கு. இரு அரிசோனாக்களும் யூடாவும் பிக் 12-க்கு. அன்று பசிபிக் கதவை அடைத்தது யார் முகத்திலோ, அவர்கள் வீட்டிலேயே அதன் நான்கு பிள்ளைகள் குடியேறினார்கள்!

செப்டம்பர் முதல் தேதி ஸ்டான்போர்டும் பெர்க்கிலியில் உள்ள கலிபோர்னியாவும் போயின. போன இடம் எது? "அட்லாண்டிக் கரைச் சங்கம்"! பசிபிக் கடலோரத்துக் கல்லூரிகள் அட்லாண்டிக் சங்கத்தில்! அதுவும் முழுப் பங்கு கிடைக்கவில்லை. குறைந்த பங்குக்குச் சம்மதித்துத்தான் போயின.

இதனால் யாருக்குக் கஷ்டம்? மாணவர்களுக்குத்தான். லாஸ் ஏஞ்சல்சில் இருந்து நியூ ஜெர்சிக்கு சுமார் 2,400 மைல். அங்கும் இங்கும் கடிகாரம் மூன்று மணி வித்தியாசம். கைப்பந்து ஆடும் பெண்ணும் பாடப் புத்தகத்தோடு ஆகாய விமானம் ஏற வேண்டும்.

மிஞ்சிய இருவர்

மிஞ்சியவர்கள் யார்? 1959-ல் வெளியே நின்ற அதே இருவர்தான். வாஷிங்டன் ஸ்டேட்டும் ஆரிகன் ஸ்டேட்டும்!

வாஷிங்டன் ஸ்டேட் இருப்பது புல்மன் என்ற சிற்றூரில். சுற்றிலும் கோதுமை விளையும் மேடுகள். ஊரின் ஜனத்தொகை சுமார் 33,000. கால்பந்து மைதானத்திலும் ஏறக்குறைய அத்தனை பேர் உட்காரலாம்! ஆட்டம் நடக்கும் நாள் அந்த ஊருக்குத் திருவிழா. ஆனால் சின்ன ஊர். டெலிவிஷன் பெட்டிகள் குறைவு. ஆகவே பெரிய சங்கங்கள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இருவரும் அழுதுகொண்டு உட்காரவில்லை. கோர்ட்டுக்குப் போனார்கள்.

"விலகுகிறோம் என்று சொன்னவர்களுக்குச் சங்க நிர்வாகத்தில் ஓட்டு ஏது?" என்று கேட்டார்கள். 2023 நவம்பரில் உள்ளூர்க் கோர்ட்டு அவர்கள் பக்கம் உத்தரவிட்டது. டிசம்பரில் மாநில சுப்ரீம் கோர்ட்டும் அதில் தலையிட மறுத்தது. பிறகு சமரசம் ஆயிற்று. போகிறவர்கள் தங்களுக்கு வரவேண்டிய பணத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார்கள். சங்கத்தின் பெயரும் சொத்தும் இருவர் கைக்கு வந்தன.

ஆனால் இரண்டு பேர் சங்கம் ஆவார்களா? முதல் தரக் கால்பந்துச் சங்கத்துக்குக் குறைந்தது எட்டு உறுப்பினர் வேண்டும் என்பது விதி. ஆள் சேர்க்க இரண்டு ஆண்டுத் தவணை உண்டு. ஆட்டத்துக்குத் துணை இல்லாமல் 2025-ல் இந்த இருவரும் ஒரே பருவத்தில் ஒருவரோடு ஒருவர் இரண்டு முறை மோதினார்கள்!

யாரைச் சேர்ப்பது?

பெண் பார்ப்பது போன்ற வேலைதான் இது. ஆட்டம் பலமா? ஊர் பெரிதா? டெலிவிஷனில் பார்ப்பவர் எத்தனை பேர்? வசதி எப்படி? போய்வர எவ்வளவு தூரம்? எல்லாம் விசாரிக்க வேண்டும்.

2024 செப்டம்பரில் "மவுண்டன் வெஸ்ட்" சங்கத்தில் இருந்து நான்கு பேர் வந்தார்கள். நீல நிறத் தரையில் ஆடும் பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், பிரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட். அதே மாதம் அதே சங்கத்தில் இருந்து யூடா ஸ்டேட்டும் வந்தது. அக்டோபர் முதல் தேதி கொன்சாகா சேர்ந்தது.

தலையை எண்ணினால் எட்டு. ஆனால் ஒரு சிக்கல்! கொன்சாகா கூடைப்பந்தில் புலி; கால்பந்தே ஆடுவதில்லை. எட்டாவது நாற்காலி காலியாகவே இருந்தது. 2025 ஜூன் 30-ந்தேதி டெக்சாஸ் ஸ்டேட் அதில் உட்கார்ந்தது. எல்லாருக்கும் சேரும் நாள் 2026 ஜூலை 1 என்று குறிக்கப்பட்டது.

அடிபட்டவர் அடித்தார்

இங்கேதான் யோசிக்க வேண்டியது இருக்கிறது.

துணையின்றி நின்ற இருவருக்கும் 2024-ல் கால்பந்து ஆட ஆள் கொடுத்தது மவுண்டன் வெஸ்ட் சங்கம்தான். அந்த வீட்டில் இருந்தே ஐந்து பேரை அழைத்துக்கொண்டார்கள்! "எங்கள் உறுப்பினரை இழுத்தால் அபராதம்" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. ஐந்து பேருக்கும் கணக்குப் போட்டால் 5 கோடியே 50 லட்சம் டாலர். "அந்த நிபந்தனை செல்லாது" என்று பசிபிக் சங்கம் வழக்குப் போட்டது.

மவுண்டன் வெஸ்ட் சும்மா இருந்ததா? "கான்பரன்ஸ் யு.எஸ்.ஏ." என்ற சங்கத்தில் இருந்து எல் பாசோ நகரத்துப் பல்கலைக்கழகத்தை இழுத்தது. டெக்சாஸ் ஸ்டேட்டை இழந்த "சன் பெல்ட்" சங்கமும் அதே யு.எஸ்.ஏ. சங்கத்தில் இருந்து லூசியானா டெக்கை எடுத்துக்கொண்டது. மேல் வீட்டில் விழுந்த அடி கீழ் வீடு வரை இறங்கியது.

புல்மனில் இருந்து எட்டே மைல் தொலைவில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. பழைய சங்கத்தில் 37 ஆண்டு உறவாக இருந்த அதே ஐடஹோதான். 2018-ல் அது முதல் தரக் கால்பந்தில் இருந்து ஒரு படி இறங்கிவிட்டது. ஆகவே அதற்கு அழைப்பு இல்லை. அழைப்புப் போனது 1,500 மைலுக்கு அப்பால் உள்ள டெக்சாசுக்கு!

1915-ல் "பக்கத்தில் இருப்பவர் யார்?" என்று பார்த்துச் சங்கம் சேர்த்தார்கள். இன்று "பார்ப்பவர் எத்தனை பேர்?" என்று பார்த்துச் சேர்க்கிறார்கள்.

ஆனாலும் உறவு முழுதும் அறுந்துவிடவில்லை. சங்கம் வேறானாலும், வாஷிங்டனும் வாஷிங்டன் ஸ்டேட்டும் "ஆப்பிள் கோப்பை" ஆட்டத்தை 2028 வரை ஆண்டுதோறும் ஆடுவதென்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இரண்டும் முதலில் மோதியது 1900-ல்.

வீடு பிரிந்தாலும் பொங்கலுக்கு வந்து போகிற உறவு போல, அந்த ஓர் ஆட்டம் மிஞ்சியிருக்கிறது.