நீரிறைக்கும் யந்திரமும் வளியமுக்கமும்

கோடையிற் கிணற்று நீர் தாழ்ந்ததும், அதுவரை நன்கு இறைத்த யந்திரம் ஓடிக்கொண்டிருந்தும் நீர் தராது விடுவதுண்டு. வலு போதாதெனக் கருதி, கடன்பட்டுக் கூடிய குதிரைவலுவுள்ள யந்திரத்தை வாங்குவோரும் உளர். கிணற்றின் ஆழத்தை அளவாது செய்யும் இச்செலவு பெரும்பாலும் வீணாகும்.

யந்திரம் நீரை இழுப்பதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது உறிஞ்சு குழாயினுள் அமுக்கத்தைக் குறைக்கின்றது, அவ்வளவே. கிணற்று நீரின் மேற்பரப்பை அழுத்தும் வெளிவளியே நீரைக் குழாய்வழி மேலேற்றுகின்றது. வளியமுக்கத்தை இரசத்தின் உயரத்தால் அளக்கலாமென்பதற்கு இத்தாலிய அறிஞர் தொரிசெல்லியின் 1643 ஆம் ஆண்டுப் பரிசோதனை வழிகாட்டியது. கடல்மட்டத்தில் அவ்வுயரம் ஏறத்தாழ 760 மில்லிமீற்றர். இவ்வமுக்கம் தாங்கக்கூடிய நீரின் உயரம் 10.3 மீற்றர், அதாவது 34 அடி. எவ்வளவு பெரிய யந்திரமாயினும் இவ்வெல்லையைக் கடந்து உறிஞ்சவியலாது.

குழாயின் உராய்வு முதலியவற்றால், நடைமுறையில் 6 முதல் 7 மீற்றர் வரையே உறிஞ்சுதல் எளிது. உயர்ந்த இடங்களில் வளியமுக்கம் குறைவு. ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 10.3 மீற்றர் என்னும் எல்லை சுமார் 8.2 மீற்றராகும். ஆதலால் அங்கு மரக்கறி செய்வோர் யந்திரத்தை நீர்நிலைக்கு இன்னும் அண்மையில் வைத்தல் வேண்டும்.

கமக்காரர் செய்யவேண்டியவை:

1. நீர் வரத்து நின்றவுடன் யந்திரத்தை நிறுத்தி, கயிற்றிற் கல்லைக் கட்டி, பம்பியின் நடுவிலிருந்து நீர்மட்டம் வரையுள்ள நேருயரத்தை அளந்து கொள்க.

2. உயரம் 6 மீற்றருக்குட்பட்டதாயின், முதலில் உறிஞ்சு குழாயைச் சோதிக்க. மூட்டுகளில் வளி புகாதிருத்தல் வேண்டும். குழாயில் நிரப்பிய நீர் கிணற்றுக்குள் வடியுமாயின் அடிவால்வு பழுதானதாகும். குழாயின் விட்டம் பம்பி வாயின் விட்டத்திற் குறையலாகாது. வளைவுகளும் குறைவாயிருத்தல் நன்று.

3. உயரம் 7 மீற்றருக்கு மேற்பட்டதாயின், மின்வசதி உள்ளவர்கள் நீரில் அமிழ்த்தும் பம்பியைப் பயன்படுத்தலாம். அது நீரைக் கீழிருந்து தள்ளுவதால் மேற்கூறிய எல்லை அதற்கில்லை.

எச்சரிக்கை: மண்ணெண்ணெய், பெற்றோல், டீசல் யந்திரங்களைக் கிணற்றினுள் இறக்கி ஓட்டவே கூடாது. அவற்றின் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமுமற்ற நச்சுவாயு. அது கிணற்றினுள் தேங்கி, இறங்குவோரின் உயிரை மாய்க்கும். காப்பாற்ற இறங்குவோரும் அவ்வாறே மடிவர்.

புதிய யந்திரம் வாங்குமுன், அளந்த உயரத்தைக் குறித்துக்கொண்டு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் ஆலோசனை பெறுக.