கேட்டலாகில் அகப்படாத ஜப்பான் ஸ்டாம்ப்

பழைய ஆல்பங்களில் ஜப்பான் பக்கத்தைப் பிரித்தால், வரிசையில் சேராத சில ஸ்டாம்புகள் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும். பொதுவான தபால்தலைக் கேட்டலாகில் அவை அகப்படாது. அகப்படாத ஒரே காரணத்துக்காக ஒருவர் அதை அபூர்வம் என்று விலை ஏற்றுவார், இன்னொருவர் போலி என்று தள்ளிவிடுவார். பெரும்பாலும் இரண்டு பேரும் சொல்வது சரியில்லை. அவை கடிதத்துக்கு ஒட்டியவையே அல்ல. ரசீதிலும் கடன் பத்திரத்திலும் மருந்துப் பொட்டலத்திலும் சீட்டுக்கட்டிலும் ஒட்டிய ரெவின்யூ ஸ்டாம்புகள். ஜப்பானியர் இன்ஷி என்பார்கள்.

ஜப்பானில் முதல் தபால்தலை வந்தது 1871இல். ரசீதுக்கும் பத்திரத்துக்கும் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும் என்ற விதி 1873இல் வந்துவிட்டது. பழைய சமுராய் ஆட்சி கவிழ்ந்து சில ஆண்டுகளே ஆன, பணத்துக்குத் தவித்த அரசு அது. 1875இல் எதுவார்தோ கியோஸ்ஸோனே என்ற இத்தாலியச் செதுக்குக் கலைஞர் டோக்கியோவின் அரசு அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ரூபாய் நோட்டு மாதிரி நுணுக்கமான கோடுகள் அதன் பிறகு ஜப்பானின் நோட்டிலும் தபால்தலையிலும் ரெவின்யூ ஸ்டாம்பிலும் ஒன்றுபோலத் தெரிவதற்கு அவர் பெரிய காரணம். ஒரே அச்சகம், ஒரே கை. அதனால்தான் தோற்றத்தை மட்டும் வைத்து இது தபாலா, வரியா என்று பிரிப்பது சிரமமாக இருக்கிறது.

பலர் முதலில் பார்ப்பது 16 இதழ்ச் சாமந்தியை. அது அரச குடும்பத்தின் சின்னம். நாடு ஜப்பான் என்பதைத் தாண்டி அது அதிகம் சொல்லாது. 1885இல் வெளியான தந்தி ஸ்டாம்பிலும் அதே சாமந்திதான். 

பூவை விட்டுவிட்டு விலை எழுதிய இடத்துக்கு வாருங்கள். ஒரு யென்னுக்கு 100 சென், ஒரு சென்னுக்கு 10 ரின். இந்தச் சில்லறை 1953 கடைசியோடு செல்லாமல் போய்விட்டது. சென், ரின் எழுத்து இருந்தால் அந்த ஸ்டாம்ப் அதற்கு முந்தையது என்று துணிந்து சொல்லலாம். ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. ரின் என்ற எழுத்துக்கு மேலே ஒரு கிடைக்கோடு, அதிலிருந்து இடப்பக்கமாகச் சரியும் ஒரு கோடு, அந்தச் சாய்ப்புக்குள் கட்டம் போட்ட உருவம். யென்னுக்கான பழைய எழுத்து நாலு பக்கமும் மூடிய சதுரம், உள்ளே கோடுகள் நெருக்கியடிக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த எளிய வடிவத்தில் அடிப்பக்கம் திறந்திருக்கும்.

அந்த எழுத்து எந்தப் பக்கம் நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். போருக்கு முன்பு குறுக்கு வரியை வலமிருந்து இடமாக எழுதினார்கள். எண் வலப்பக்கமும் பண அலகு இடப்பக்கமும் இருந்தால் பழசு. எண்களிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு கோடு ஒன்று, இரண்டு கோடு இரண்டு, கூட்டல் குறி பத்து என்று கற்றுக்கொண்டு போனால் பணம் சம்பந்தப்பட்ட காகிதத்தில் அவை பல நேரம் இருக்காது. ஒரு கோடு சேர்த்து ஒன்றை இரண்டாக்கிவிடலாமே! அதனால் திருத்த முடியாத, கோடுகள் நிறைந்த வேறு எண்ணெழுத்துகளைப் போட்டார்கள்.

இத்தனை சின்ன மதிப்பில் ரின் ஸ்டாம்ப் எதற்கு? மருந்துக்கு. 1883 முதல் கடையில் விற்கும் தயார் மருந்துகளுக்கு விலையில் பத்தில் ஒரு பங்கு ஸ்டாம்ப் வரி. ஒரு சென் மருந்துக்கு ஒரு ரின். இதில் அடிபட்டவர்கள் தொயாமா ஊர் மருந்து வியாபாரிகள். வீடு வீடாக மருந்துப் பெட்டியை வைத்துவிட்டுப் போய், அடுத்த முறை வரும்போது தீர்ந்த மருந்துக்கு மட்டும் காசு வாங்குவது அவர்கள் வழக்கம். தீராமல் திரும்பி வந்த பொட்டலத்திலும் வரி ஒட்டியாகிவிட்டது! புகையிலைக்கு 1876 முதல் தனி ஸ்டாம்ப். 1902இல் சீட்டுக்கட்டுக்கு வரி வந்தது. கியோத்தோவில் 1889இல் பூச்சீட்டு தயாரிக்கத் தொடங்கிய ஒரு கடையும் அந்த வரியைக் கட்டியது. அதன் பெயர் நின்டெண்டோ, இன்று வீடியோ கேம் விற்கும் அதே நிறுவனம். பொட்டலத்தைப் பிரித்தால் கிழியும்படி ஒட்டியவை என்பதால் இந்த வகைகளில் கிழிசலைக் குறையாக நினைக்க வேண்டாம்.

ஜப்பான்போலத் தோன்றி ஜப்பான் அல்லாதவையும் உண்டு. வடகிழக்குச் சீனாவில் ஜப்பான் நிறுவி, 1932 முதல் 1945 வரை இருந்த மஞ்சுகுவோவின் ஸ்டாம்புகளில் பண அலகு வேறு, சின்னம் ஆர்க்கிட் பூ. 1972 வரை அமெரிக்கப் பிடியில் இருந்த ஒகினாவாவின் ரெவின்யூ ஸ்டாம்புகளில் ஒரு காலகட்டத்தில் டாலர் கணக்கு வரும். மலாயாவில் ஆங்கிலேயர் வெளியிட்ட தபால்தலை மேல், பின்னர் அந்நாட்டைப் பிடித்த ஜப்பானியர் ரோமன் எழுத்தில் 'டாய் நிப்பான் 2602 மலாயா' என்று குத்தியிருப்பதைப் பார்த்து, இதென்ன எதிர்கால ஆண்டு என்று திகைக்க வேண்டாம். ஜப்பானின் அரச ஆண்டுக் கணக்கில் 2602 என்பது நம்முடைய 1942. மலாயா போய் வந்த குடும்பங்களின் பழைய காகிதக் கட்டில் அது எதிர்ப்பட்டால் வியப்பில்லை.

இவ்வளவையும் விட உறுதியான சாட்சி ஸ்டாம்பின் மேல் விழுந்த குறி. தபால்தலையில் ஊரும் தேதியும் கொண்ட அஞ்சல் முத்திரை இருக்கும். ரெவின்யூ ஸ்டாம்பில் பெரும்பாலும் ஒரு ஆளின் பெயர் முத்திரைதான், பாதி ஸ்டாம்பிலும் பாதி காகிதத்திலுமாக. இன்றைய சட்டமும் அப்படித்தான் கேட்கிறது. முத்திரை இல்லையென்றால் கையெழுத்து. ஆகவே ஸ்டாம்ப் காகிதத்தோடு கிடைத்தால் தயவுசெய்து தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். தபால்தலை சேகரிப்போர் பழக்கதோஷத்தில் செய்யும் முதல் வேலை அது. முத்திரையின் மறுபாதி போகும், கடனா ரசீதா என்ற விவரம் போகும், பத்திரத்தில் எழுதிய ஆண்டும் போகும். கையில் மிஞ்சுவது நிறம் வெளுத்த ஒரு துண்டு.

ஜப்பானில் இந்த வழக்கம் இன்னும் முடியவில்லை. நாம் 5,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒரு ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போடுகிறோமே, அங்கே 2014 முதல் 50,000 யென் அல்லது அதற்கு மேற்பட்ட ரசீதுக்குத்தான் ஸ்டாம்ப். தொடக்க மதிப்பு 200 யென். கள்ள அச்சு தொல்லையால் 2018 ஜூலையில் 200 யென்னும் அதற்கு மேற்பட்டவையும் புது வடிவம் பெற்றன. மின்னஞ்சலில் அனுப்பும் ரசீதுக்கு மட்டும் எதுவும் ஒட்ட வேண்டியதில்லை.