தையல் மெசினை விட்டுக் கொஞ்சம் எழும்புங்கள்

"நான் எங்கே சும்மா இருக்கிறேன்? விடிந்தால் பொழுதுபட்டால் வேலைதானே" என்று நம் சகோதரிகள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்த வேலையில் பெரும்பகுதி இருந்த இருப்பிலேயே நடக்கிறது. மருதமுனையில் தறிக்கு நூல் சுற்றுபவரும், கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் வீட்டில் தைத்துக் கொடுப்பவரும் இதில் அடங்குவர். யுத்தத்திலும் 2004 டிசம்பர் 26 சுனாமியிலும் உழைப்பவரை இழந்த எத்தனையோ வீடுகளில் தையல் மெசின்தான் அடுப்பை எரிய வைத்தது. பெருநாள் நெருங்கினால் தொழுகைக்கும் சோற்றுக்கும் தவிர அவர்கள் எழும்புவதில்லை.

நாரி நோவும் கழுத்து உளைவும் வந்தால் நமக்குத் தெரியும். தெரியாமல் நடப்பதுதான் கூடுதல். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து, கீழே இறங்கிய இரத்தத்தை மேலே தள்ளிவிடுகிறது. அசையாமல் இருந்தால் இரத்தம் காலில் தேங்குகிறது. தசை வேலை செய்யாததால் சாப்பாட்டில் வந்த சீனியும் இரத்தத்திலேயே கூடுதல் நேரம் நிற்கிறது. இப்படியே வருடங்கள் போனால் சீனி வியாதிக்கும் இருதய நோய்க்கும் வழி திறக்கிறது. பழைய மிதி மெசினில் காலாவது அசைந்துகொண்டிருந்தது. மோட்டார் பூட்டியதும் அதுவும் நின்றுவிட்டது.

பதுங்குகுழி வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு இந்தச் செய்தி விளங்கும். 1940 இல் இலண்டன் நகரில் குண்டு விழுந்த காலத்தில், மக்கள் பதுங்கிடங்களில் சாய்வுக் கதிரைகளில் இரவிரவாக இருந்தார்கள். குண்டு படாமலே சிலர் திடீரென்று இறந்தார்கள். காலில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்ததே காரணம் என்று கீத் சிம்ப்சன் என்ற வைத்தியர் அந்த வருடமே எழுதினார். கதிரையின் விளிம்பு தொடையின் கீழ்ப்புறத்தை அழுத்தியதையும் அவர் குறிப்பிட்டார். நம் பலகை வாங்கிலும் அதே விளிம்புதான் இருக்கிறது.

என்ன செய்யலாம்? 2023 இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அரை மணிக்கொரு தடவை 5 நிமிடம் மெதுவாக நடந்த நாளில், சாப்பிட்டபின் ஏறும் சீனி, முழுநாளும் இருந்த நாளைவிட ஏறத்தாழ 58 சதவீதம் குறைவாக ஏறியது. 11 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வு என்பதால் அந்த எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் ஒரு கை தைத்து முடிந்ததும் எழும்பி வளவைச் சுற்றி வர நமக்குக் காசு செலவில்லை. ஓடர் பிந்திவிடும் என்ற பயம் நியாயமானது. அப்படியானால் வெட்டுகிற வேலையையும் அயன் பண்ணுகிற வேலையையும் நின்று செய்யலாம். பொத்தான் தைக்கும்போது கணுக்காலை மேலும் கீழும் ஆட்டலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கணவன் மௌத்தாகி நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கும் பெண், தேவையின்றி வெளியே போவதைத்தான் தவிர்க்கிறாள். அறைக்குள் ஒரே பாயில் அசையாமல் இருக்கும்படி மார்க்கம் சொல்லவில்லை. துக்கத்தில் சோர்ந்து கிடப்பவளைக் கையைப் பிடித்து எழுப்பி வீட்டுக்குள்ளும் வளவுக்குள்ளும் நடக்க வைப்பது, பக்கத்தில் இருக்கும் உம்மாவும் ராத்தாவும் செய்யக்கூடிய உதவி.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, கெண்டையில் நொந்தால் எண்ணெய் போட்டு உருவ வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அதோடு மூச்சு முட்டினாலோ நெஞ்சு நொந்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள்.