மூன்று காலில் ஓடும் பூனைக்குட்டி!

மைசூரில் மழை பிடித்துக்கொண்டாலும் சரி, மார்கழிக் குளிர் இறங்கினாலும் சரி, தெருப் பூனைகள் சூடான இடம் தேடிப் போகும். இப்போதுதான் வந்து நின்ற காரின் என்ஜினைவிடச் சூடான இடம் எது? குட்டி உள்ளே ஏறிச் சுருண்டு படுத்துவிடும். மறுபடி சாவியைத் திருகியதும் பெல்ட் சுழலும். குட்டியின் கால் சிதைந்துவிடும். வண்டியைக் கிளப்பும் முன் பானட்டை இரண்டு தட்டுத் தட்டுகிறவர்கள் புண்ணியவான்கள்.

அடிபட்ட குட்டியைத் தூக்கி வந்தவருக்கு அக்கம்பக்கத்தில் கிடைக்கும் யோசனை ஒன்றுதான். "பிழைக்காதுங்க. மார்க்கெட் பக்கம் கொண்டுபோய் விட்டுடுங்க" என்பார்கள். சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்ல, விஷயம் தெரியாதவர்கள். காலை எடுத்துவிட்டாலும் பூனை பிழைக்கும். குட்டியாக இருந்தால் இன்னும் சுலபமாகப் பழகிக்கொள்ளும்.

முதலில் கையைக் கழுவுங்கள்

வலியில் துடிக்கும் குட்டி, காப்பாற்ற வந்த கையையே கடிக்கும். வெறிநாய்க்கடி நோய் நாயால் மட்டும் வருவதல்ல, பூனையாலும் வரும். கடித்த இடத்தையும் கீறிய இடத்தையும் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவவேண்டும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று ஊரில் கேட்ட கதையை நினைத்துப் பயந்து இருந்துவிடுகிறவர்கள் உண்டு. குன்னூர் பாஸ்டர் நிலையம் ஒரு காலத்தில் தயாரித்து வந்த அந்த ஆட்டு மூளை மருந்து இப்போது கிடையாது. இந்தியா முழுவதிலும் 2005-க்குள் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது கையில் 4 அல்லது 5 ஊசிதான். இந்த நோய் வந்துவிட்டால் மருந்தில்லை என்பதை மறந்துவிடக்கூடாது.

முழுக் காலையும் எடுப்பது ஏன்?

பாதம் மட்டும்தானே நசுங்கியிருக்கிறது, தோள் வரை ஏன் வெட்டவேண்டும் என்று பலர் டாக்டரிடம் சண்டை பிடிக்கிறார்கள். மிச்சம் வைத்த துண்டுக் காலைப் பூனை தரையில் ஊன்றப் பார்க்கும். தோல் உரிந்து புண்ணாகும். அதனால்தான் தோளோடு அல்லது இடுப்பருகே எடுத்துவிடுகிறார்கள். பூனையின் எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்னங்கால்கள் தாங்குகின்றன. ஆகவே பின்னங்கால் போன குட்டி, முன்னங்கால் போனதைவிடச் சீக்கிரம் ஓடத் தொடங்கும்.

பெரிய பூனையைப் போல் குட்டியை நெடுநேரம் பட்டினி போட்டு ஆபரேஷனுக்குக் கொண்டுபோகக்கூடாது. ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். எத்தனை மணிக்குக் கடைசி உணவு என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

செயற்கைக் கால் வேண்டாமா? 2009-ல் ஜெர்சி தீவில் ஆஸ்கார் என்ற பூனையின் இரண்டு பின்பாதங்களையும் அறுவடை இயந்திரம் துண்டித்துவிட்டது. இங்கிலாந்தில் டாக்டர் நோயல் ஃபிட்ஸ்பாட்ரிக் எலும்பில் உலோகம் பொருத்திப் புதுப் பாதங்கள் வைத்தார். அது இரண்டும் போன பூனை. ஒரு கால் போன குட்டிக்கு அந்தச் செலவெல்லாம் தேவையில்லை.

வீட்டு வைத்தியம் விஷம்!

குட்டி முனகுகிறதே என்று மனிதர் சாப்பிடும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை வளர்ந்த பூனையையே கொன்றுவிடும். அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது. பினாயில், டெட்டால் போன்றவையும் ஆகாது. புண்ணில் மஞ்சள் பற்றும் வேண்டாம்; நக்கித் தையலைக் கெடுத்துக்கொள்ளும். தையல் பிரிக்கும் வரை, 10 முதல் 14 நாள் கழுத்தில் கூம்புப் பட்டை இருக்கட்டும். குட்டி உருண்டு பிரண்டு அதைக் கழற்றப் பார்க்கும். மனம் இளகிக் கழற்றிவிட்டால், மறுநாள் தையல் இருக்காது.

பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றைப் போக்கும். தாயில்லாத சின்னக் குட்டிக்குப் பூனைக்கென்று விற்கும் பால் மாவு, பல் முளைத்ததும் உப்பில்லாமல் வேகவைத்த மீனோ கோழியோ கொடுக்கலாம். முள்ளையும் எலும்பையும் நீக்கிவிடவேண்டும்.

ஒற்றை அறை வாடகை வீடு என்று தயங்கவேண்டாம். வழுக்கும் தரையில் நாலு சாக்குத் துண்டு, விளிம்பு தாழ்ந்த மண் தட்டு, ஏறி விழாத இடத்தில் ஓர் அட்டைப் பெட்டி. இதற்கு மேல் கேட்பதில்லை. இரண்டு மாதம் ஆனதும் தடுப்பூசியைத் தொடங்கவேண்டும். மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி. பின்னர் கருத்தடை. உடம்பு பெருக்கவிடக்கூடாது, நாலு கால் சுமக்கிற எடையை மூன்று கால் சுமக்கிறது அல்லவா?

ஆஸ்பத்திரியில் கன்னடத்தில் சொல்லத் தெரியவில்லையே என்ற கூச்சமும் வேண்டாம். பூனைக்கு இங்கே 'பெக்கு', குட்டிக்கு 'மரி'. நம் சங்க நூல்கள் சொல்லும் 'வெருகு'ம் இந்தப் பெக்கும் ஒரே வேரிலிருந்து வந்த உறவுச் சொற்கள் என்கிறார்கள் மொழியறிஞர்கள். ஆதரவில்லாமல் அடிபட்டுக் கிடப்பதைக் கண்டால் 'பீப்பிள் ஃபார் அனிமல்ஸ்' அமைப்பின் மைசூர்க் கிளையையும் கேட்டுப் பார்க்கலாம்.

வீடு திரும்பிய குட்டி முதல் நாள் குடை சாயும். சில நாளில் எழுந்து நிற்கும். சில வாரத்தில் வாலை வீசிச் சமன் செய்துகொண்டு பல்லியைத் துரத்தும். ஒரு வேலை மட்டும் அதற்கு முடியாது. பின்னங்கால் போன பக்கத்துக் காது அரித்தால், இல்லாத காலைத் தூக்க இடுப்பு துடிக்கும். காதுக்கு ஒன்றும் எட்டாது. அப்போது பக்கத்தில் இருப்பவர் குனிந்து அந்தக் காதைச் சொறிந்துவிடவேண்டும்.