எந்தத் தேனீ அழிகிறது?

வேதாகமத்தில் தேன் பல இடங்களில் வருகிறது. சிம்சோன் செத்த சிங்கத்தின் உடலுக்குள் தேன்கூட்டைக் கண்டான். யோவான் ஸ்நானன் வனாந்தரத்தில் காட்டுத்தேன் சாப்பிட்டு வாழ்ந்தான். அந்தத் தேனைத் தரும் சிறு பூச்சி அழிந்துகொண்டிருக்கிறது என்று பாடசாலையிலும் செய்திகளிலும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். "ஆலய வளவில் ஒரு தேனீப் பெட்டி வைத்தால் என்ன?" என்று நம் வாலிபர் சிலர் கேட்கிறார்கள். நல்ல மனதோடு கேட்கும் கேள்விதான். ஆனால் பெட்டி வாங்குமுன் இன்னொரு கேள்விக்கு விடை தேட வேண்டும். அழிவது எந்தத் தேனீ?

போதகர் கண்ட இடைவெளி

தேனீக்களை ஆராய்வதை எளிதாக்கியவர்களில் ஒருவர் ஒரு போதகர். அமெரிக்காவின் லொறென்சோ லாங்ஸ்ரொத். அவருடைய காலத்தில் பெரும்பாலான கூடுகளின் உள்ளே பார்க்க வேண்டுமென்றால் அடைகளை வெட்டி எடுக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த இடைவெளி விட்டால் தேனீக்கள் அதை அடைக்காமல் நடைபாதையாக விட்டுவிடும் என்று அவர் கவனித்தார். அந்த அளவை வைத்து, சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கக்கூடிய பெட்டியைச் செய்து, 1852இல் காப்புரிமை பெற்றார். இன்றும் ஒன்ராறியோவில் தேனீ வளர்ப்போர் திறப்பது அந்த வகைப் பெட்டியைத்தான்.

திறந்து பார்த்ததில் தெரிந்தவை கவலை தருபவை. கனடாவில் ஒவ்வொரு வசந்தகாலத்திலும், குளிர்காலத்துக்குள் போன கூடுகளில் எத்தனை உயிரோடு வந்தன என்று கணக்கெடுக்கிறார்கள். 15 வீத இழப்பைத் தாங்கலாம் என்பது வளர்ப்போரின் எண்ணம். 2013–14 குளிர்காலத்தில் ஒன்ராறியோ 58 வீதத்தை இழந்தது. 2021–22இல் கனடா முழுவதும் ஏறக்குறைய 45 வீதம் இறந்தன.

உண்ணியும் நஞ்சும்

முதல் எதிரி வரோவா என்னும் உண்ணி. இது நம் ஊர்ப் பக்கத்து மரப்பொந்துகளில் வாழும் ஆசியத் தேனீயோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகியது. அந்தத் தேனீக்கு இதைச் சமாளிக்கத் தெரியும். மனிதர் ஐரோப்பியத் தேனீயை ஆசியாவுக்குக் கொண்டுபோனபோது உண்ணி அதன்மேல் தாவியது. 1989இல் கனடாவிலும் கண்டுபிடிக்கப்பட்டது. இது தேனீயின் உடலை உண்டு வைரஸ்களையும் பரப்பும். கண்டுபிடிக்கும் முறை எளிது. அரைக் கோப்பை அளவு, அதாவது சுமார் 300 தேனீக்களை எடுத்து மதுசாரத்தில் கழுவி, விழும் உண்ணிகளை எண்ணுவார்கள். நூறு தேனீக்கு இரண்டு மூன்று உண்ணி என்றாலே கூடு ஆபத்தில் இருக்கிறது.

இரண்டாவது, நியோனிக்கொற்றினொயிட் வகைப் பூச்சிநாசினி. சோளம், சோயா விதைகளுக்கு இதைப் பூசி விதைப்பார்கள். நம் நகரத்து யோர்க் பல்கலைக்கழகத்தில் நாடியா ஸ்வெற்கோவ், பேராசிரியர் அம்ரோ சயெட் ஆகியோரின் குழு, 11 இடங்களில் கூடுகளை வைத்துப் பல மாதங்கள் மகரந்தத்தைச் சோதித்தது. நஞ்சு பெரும்பாலும் சோள மகரந்தத்தில் இல்லை. அது தண்ணீரில் கரைந்து பரவி, அருகில் பூத்த மற்றச் செடிகளில் ஏறியிருந்தது. அதே அளவு நஞ்சைக் கலந்து கொடுத்துப் பார்த்தபோது வேலைக்காரத் தேனீயின் ஆயுள் 23 வீதம் குறைந்தது. இந்த ஆய்வு 2017இல் வெளியானது. ஒன்ராறியோ அதற்கு முன்பே, 2015இல், இந்த விதைகளுக்கு வட அமெரிக்காவில் முதன்முதலாகக் கட்டுப்பாடு விதித்திருந்தது.

பெயர் தெரியாத தேனீக்கள்

இத்தனை இழப்பிருந்தும் தேன் தரும் தேனீ இனம் அழிந்துவிடவில்லை. ஒரு கூட்டை இரண்டாகப் பிரித்துப் புதிய இராணியைக் கொடுத்து வளர்ப்போர் இழப்பை ஈடுசெய்கிறார்கள். ஐரோப்பியக் குடியேறிகள் கொண்டுவந்த இந்தத் தேனீ, மாடு, கோழிபோல வளர்ப்புப் பிராணி. அதற்கு நோய் வந்தால் பார்க்க ஆள் உண்டு.

பார்க்க ஆளில்லாதவை காட்டுத் தேனீக்கள். கனடாவில் 800க்கும் அதிகமான சுதேச இனங்கள் உண்டு. ரொறொன்ரோவில் மட்டும் 360க்கும் அதிகமான தேனீ இனங்கள். பெரும்பாலானவை மண்ணுக்குள் தனியாக வாழ்பவை. அவை நமக்குத் தேன் தருவதில்லை. துரு நிறத் திட்டுள்ள பம்பிள் தேனீ ஒருகாலத்தில் தென் ஒன்ராறியோவில் சாதாரணமாகப் பறந்தது. 2009இல் பைனரி மாகாணப் பூங்காவில் ஆய்வாளர் ஷீலா கொல்லா ஒன்றைக் கண்டார். அதன்பின் அது கனடாவில் கண்டறியப்படவில்லை.

நம் வீட்டுத் தோட்டத்துக்கு நெருங்கிய இன்னொன்று பூசணித் தேனீ. பூசணிப் பூவை நம்பியே வாழ்ந்து, கொடியின் அடியிலுள்ள மண்ணில் கூடு தோண்டும். குவெல்ப் பல்கலைக்கழகத்தின் சூசன் சானும் நைஜல் ரெய்னும் வலைக் கூடாரங்களில் மூன்று ஆண்டுகள் இதை ஆராய்ந்தார்கள். இமிடாக்ளோபிரிட் என்ற நஞ்சை மண்ணில் இட்ட இடத்தில் கூடுகள் 85 வீதமும் குஞ்சுகள் 89 வீதமும் குறைந்தன.

அப்படியானால் பெட்டி? மொன்றியலில் 2013இல் 250க்கும் குறைவாக இருந்த தேனீப் பெட்டிகள் 2020இல் ஏறக்குறைய 3,000 ஆயின. பெட்டிகள் மிக அதிகரித்த இடங்களில் காட்டுத் தேனீ இனங்கள் குறைந்திருந்ததை ஆய்வாளர் கண்டார்கள். கோடையில் ஒரு பெட்டியில் 50,000 தேனீக்கள்வரை இருக்கலாம். அவ்வளவும் அதே பூக்களைத்தான் தேடிப் போகும். பெட்டி வைப்பவர் மாகாணத்தில் பதிவுசெய்து, உண்ணியையும் தவறாமல் பார்க்க வேண்டும். கவனிக்காத பெட்டி அயலிலுள்ள பெட்டிகளுக்கும் நோயைக் கொடுக்கும்.

ஆகவே வாலிபருக்கு ஒரு யோசனை. பெட்டிக்குச் சேர்க்கும் பணத்தில் ஆலய வளவின் வெயில் படும் மூலையில் இந்த மண்ணுக்குரிய செடிகளை நடலாம். கோல்டன்ராட், அஸ்டர் போன்றவை மற்றப் பூக்கள் ஓய்ந்த இலையுதிர்காலத்திலும் உணவு தரும். கொஞ்ச மண்ணை மூடாமல் விடுங்கள். காய்ந்த தண்டுகளை வசந்தம் வரும்வரை வெட்டாதீர்கள், அவற்றுக்குள்ளும் தேனீக்கள் உறங்கும். வருகிற பம்பிள் தேனீக்களைப் படமெடுத்து 'பம்பிள் பீ வாட்ச்' தளத்தில் பதியுங்கள். அந்தப் படங்களும் ஆய்வாளருக்குத் தரவுகள்தான்.

ஏதேன் தோட்டத்தில் ஆண்டவர் ஆதாமுக்குக் கொடுத்த பொறுப்பு அதைப் பேணுவது. அங்கிருந்த உயிர்களுக்குப் பெயரிட்டதும் அவன்தான். நம் தோட்டத்துத் தேனீக்களின் பெயராவது நமக்குத் தெரிய வேண்டாமா? ஓகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில் எழுந்து அம்மம்மாவின் பூசணிக் கொடியருகே போய்ப் பாருங்கள். பூக்கள் மதியத்துக்குள் வாடிவிடும். அதற்குள் வந்து போகிற தேனீ எது என்று பார்த்து, அடுத்த வாலிபர் கூட்டத்தில் சொல்லுங்கள்.