வாளியில் மூச்சுவிடும் மீன்: விரால்

மாணவர்களே, காலைச் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? மீன் கடையில் ஒரு வாளி நீரில் கரும்பழுப்பு மீன்கள் அசையாமல் கிடக்கும். சில நிமிடங்கள் கவனியுங்கள். ஒன்று மேலே வந்து, வாயைத் திறந்து காற்றை விழுங்கிவிட்டு மீண்டும் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மலாயில் ‘ஹருவான்’ எனப்படும் இதுவே நம் தாத்தா பாட்டி சொல்லும் விரால் மீன். இதன் அறிவியல் பெயர் சன்னா ஸ்ட்ரையாட்டா.

எப்படி அடையாளம் காண்பது?

உடல் உருண்டு நீண்டிருக்கும். தலை சற்றுத் தட்டையாக, பெரிய செதில்களுடன் பாம்பின் தலையைப் போல் தோன்றும். முதுகுத் துடுப்பு தலைக்குப் பின்னால் தொடங்கி வால் அருகே வரை ஒரே நீளமாகச் செல்லும். வால் நுனி வட்டமானது. முதுகு கறுத்தும் வயிறு வெளுத்தும் இருக்கும். பக்கவாட்டில் சாய்ந்த கோடுகள் தெரியும்.

கெளுத்தியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கெளுத்திக்கு மீசை உண்டு, செதில் இல்லை. விராலின் உறவினரான ‘தோமான்’ ஒரு மீட்டருக்கு மேலும் வளரும். இளம் தோமானின் உடலில் இரண்டு கறுப்புப் பட்டைகளும் அவற்றுக்கிடையே ஆரஞ்சுப் பட்டையும் ஓடும்.

ஏன் காற்றை விழுங்குகிறது?

வயல்களிலும் சதுப்பு நிலங்களிலும் உள்ள வெதுவெதுப்பான, தேங்கிய நீரில் ஆக்சிஜன் குறைவு. அங்கே செவுள் மட்டும் போதாது. விராலின் செவுள்களுக்கு மேலே இரத்த நாளங்கள் நிறைந்த ஓர் அறை இருக்கிறது. விழுங்கிய காற்றிலுள்ள ஆக்சிஜன் அங்கிருந்து இரத்தத்தில் கலக்கிறது. இதனால் வயல் வற்றினாலும் ஈரச் சேற்றுக்குள் விரால் பல வாரங்கள் உயிர் வாழும். மழை பெய்தால் ஈரத் தரையில் நெளிந்து அடுத்த குட்டைக்கும் போய்விடும். ஆனால், நீருக்கு மேலே வர முடியாதபடி தடுத்தால், மீனாக இருந்தும் மூச்சுத் திணறி இறந்துவிடும்!

காவல் காக்கும் பெற்றோர்

தவளை, சிறு மீன், பூச்சி ஆகியவற்றைப் பதுங்கியிருந்து பாய்ந்து பிடிக்கும் இந்த வேட்டை மீன், தன் குஞ்சுகளிடம் பொறுப்புள்ள பெற்றோராக நடந்துகொள்கிறது. ஆழமற்ற நீரில் செடிகளை விலக்கி வட்டமான இடம் அமைத்து முட்டையிடும். முட்டைகள் மிதக்கும். பொரித்து வரும் குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாக நீர்ப்பரப்பில் திரியும். பெற்றோர் அடியில் நின்று காவல் காக்கும்.

இங்குதான் ஆபத்து. குஞ்சுகளை நெருங்கும் எதையும் தாய், தந்தை மீன்கள் பாய்ந்து தாக்கும். தூண்டில்காரர் செங்கூட்டத்தின் நடுவே இரையைப் போட்டால் அவை எளிதில் சிக்கிக்கொள்ளும். காவல் போனபின் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகும். ஒரு மீனைப் பிடித்தோம் என்று நினைப்போம். உண்மையில் ஒரு குடும்பமே அழிந்திருக்கும்.

அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும் பிள்ளைப்பேற்றுக்குப் பின்னும் விரால் சூப் கொடுப்பது மலேசியக் குடும்பங்களின் வழக்கம். திசு வளரத் தேவையான புரதம் இதில் உண்டு. ஆனால், இது மருந்துக்கு மாற்று அல்ல.

அடுத்த முறை குட்டையில் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால், தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு இடம் தேடுங்கள். குஞ்சுகள் பிழைத்தால்தான் நாளையும் குட்டையில் விரால் இருக்கும்.