அம்மன் காசில் தெலுங்கு எப்படி வந்தது?

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் அம்மன் காசு சின்னஞ்சிறு செப்புக் காசு. நவராத்திரியின்போது அரிசியோடு சேர்த்து மக்களுக்குக் கொடுக்கப்பட்டது. காசின்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் ஒரு பக்கம் பிரகதாம்பாள் அம்மன் உருவம் எழும்பும். மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்று இருக்கும். “நம்ம ஊர்க் காசுல தெலுங்கு எதுக்கு சார்?” என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் போதும், விஜயநகரம், நாயக்கர்கள், தொண்டைமான்கள் என்று பாடம் தானாகவே நடக்கும்.

செயல்வழி வரலாறு என்றதும் பள்ளிகளில் தெர்மாகோல் கோட்டைதான் முதலில் வருகிறது. திருமயம் கோட்டையை வெட்டி ஒட்டினால் கைவேலை பழகும் (பாதி அப்பாவின் கை). வரலாறு பழக, ஆய்வாளர் செய்கிற வேலையையே பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும். சமஸ்தானக் கல்வெட்டுகள் 1929-லேயே நூலாகத் தொகுக்கப்பட்ட மாவட்டத்தில் அதற்கான பொருளுக்குப் பஞ்சமில்லை.

பழைய கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது; எகர ஏகார வேறுபாடும் தெரியாது. கரும்பலகையில் ‘மனனன தநத நிலம’ என்று எழுதிப் படிக்கச் சொல்லலாம். சிலர் திணறுவார்கள், சிலர் ‘மன்னன் தந்த நிலம்’ என்று பிடித்துவிடுவார்கள். எதை வைத்து அப்படிப் படித்தாய் என்று கேட்பதுதான் பாடமே. பிறகு கோயில் சுவருக்குப் போகும்போது டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், நேர் வெளிச்சத்தில் மறைந்திருந்த எழுத்து நிழலோடு தெரியும். கல்லைத் தொடவே வேண்டியதில்லை. சாக்பீஸால் எழுத்தை நிரப்புவதைச் சொல்லிக்கொடுக்கவே கூடாது.

கல்வெட்டைத் தாளில் மைப்படி எடுப்பதை ஆட்டுக்கல்லிலோ செதுக்கிய பலகையிலோ பழக்கலாம். ஈரத்தாளைப் பரப்பிப் பிரஷ்ஷால் தட்டினால் தாள் பள்ளங்களுக்குள் இறங்கும். அரை ஈரமாய் இருக்கும்போது மைப்பொதியால் ஒற்றினால் மேடு கறுக்கும், பள்ளம் வெள்ளையாய் நிற்கும்.

சித்தன்னவாசல் சுற்றுலா என்றால் ஓவியத்தோடு திரும்பிவிடுகிறார்கள். அங்கேயே ஏழடிப்பட்டத்துக் குகையில் சமணர் கற்படுக்கை ஒன்றில் தமிழிக் (தமிழ்ப் பிராமி) கல்வெட்டு இருக்கிறது. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்கு இளயர் என்பவர் செய்துகொடுத்த இருக்கை என்கிறது அது. தமிழியில் தன் பெயரை எழுதிப் பார்த்த பிள்ளைக்கு அங்கே சில எழுத்துகளாவது அகப்படும். இது பள்ளிப் பிள்ளைகளால் முடிகிற வேலைதான்: ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசுப் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்ற மாணவர்கள் கல்வெட்டு படிக்கவே பயிற்சி பெற்றவர்கள்.

புதுக்கோட்டை அருகே பொற்பனைக்கோட்டையில் 2021-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் 2023-இல் மாநிலத் தொல்லியல் துறையும் அகழாய்வு நடத்தின. பிள்ளைகளின் கையில் மண்வெட்டி கொடுக்கக் கூடாத இடம் அது. வயல்வெளியில் கறுப்பு-சிவப்புப் பானை ஓடு கண்ணில் பட்டால் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, ஆசிரியர் வழியாகத் துறைக்குத் தெரிவிக்கலாம். வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டால், எந்த மண்ணில் எதனோடு கிடந்தது என்ற விவரம் போய்விடும். மிஞ்சுவது வெறும் ஓடு.